கிண்ணியாவில் திறக்காத தட்டு

2023 செப்டெம்பர் 10, ஞாயிற்றுக்கிழமை, காலை ஏழு மணி இருபது நிமிடம். மழை இல்லை. கச்சான் காற்று விடியுமுன்பே தொடங்கியிருந்தது. சல்லிக் கிராமத்தில் காயப்போட்டிருந்த கருவாட்டின் மணத்தையும் கடற்கரை மணலையும் ஒன்றாக அள்ளி வந்து, நான் இருந்த கதிரையின் காலடியில் கொட்டிக்கொண்டிருந்தது. என் மடியில் பெட்டி, பெட்டியின் மேல் துவாய், துவாயின் மேல் என் இரண்டு கைகள். ஒரு மணல் பிரஷுக்குள் புகுந்தால் அது ஒரு பெண்ணின் கன்னத்தில் கோடாக விழும். அன்றைக்குக் காலையில் எனக்கு இருந்த கவலை அது ஒன்றுதான்.

எங்கள் வீட்டில் வேலை பழகி, இப்போது சொந்தமாகப் பெட்டி தூக்கத் தொடங்கியிருக்கும் உங்களுக்காக இதை எழுதுகிறேன். முகத்தில் எப்படிப் பூசுவது என்பதைப் புவனாவிடம் கேளுங்கள். என் மனைவி என்பதற்காகச் சொல்லவில்லை, அவளுக்குத் தெரியும். எனக்குத் தெரியாது. பதினொரு வருடம் மணப்பெண் அலங்கார வேலையில் இருந்தேன், ஒரு முகத்தைக்கூடத் தொட்டதில்லை. துறைமுகத்தில் ஒரு களஞ்சியத்தைப் பார்த்துக்கொண்டிருந்து ஓய்வு பெற்றவன் நான். ஆணியும் வண்ணமும் எண்ணிய கை சும்மா இருக்காது. புவனா வீட்டு முன்னறையில் நடத்திவந்த வேலை பெருத்தபோது, பிரஷ் கழுவுவதும் காயவைப்பதும் பெட்டி அடுக்குவதும் என்னிடம் வந்து சேர்ந்தன. இப்போது கை நடுங்குகிறது. பெட்டியை உங்களில் ஒருத்தியிடம் கொடுத்துவிட்டேன்.

வேலை நடந்த விதம் இது. பெண்களின் அறைக்குள் நான் போவதில்லை. வாசலுக்கு வெளியே ஒரு கதிரை போடுவார்கள். நான் பெட்டியோடு அதில் இருப்பேன். திரைச்சீலைக்குள்ளிருந்து புவனாவின் கை நீளும். கேட்டதை நான் வைப்பேன். பாவித்த பிரஷ்கள் ஒரு மஞ்சள் துணிப் பையில் வெளியே வரும். ஒரு வீட்டுக்கு ஒரு தொகுதி, இருபத்தாறு பிரஷ். ஒரே நாளில் இரண்டு வீடு என்றால் இரண்டு தொகுதி. முதல் வீட்டுப் பிரஷ் இரண்டாவது வீட்டு வாசற்படி மிதிக்கக்கூடாது என்பது என் சட்டம். அந்தச் சட்டத்தில் ஓட்டை இருந்ததை அன்றைக்குத்தான் கண்டேன்.

சல்லியில் மணப்பெண் அலங்காரம் முடிந்து எழும்பிவிட்டாள். மண்டபத்துக்குப் போக வேண்டியதுதான் மிச்சம். ஆனால் நம்முடைய வீடுகளில் அலங்காரம் மணப்பெண்ணோடு முடிவதில்லை என்பது உங்களுக்கும் தெரியும். பெண்ணின் பெரியம்மா உள்ளே தொடங்கினார்.

“தங்கச்சி, அந்தக் கையோட இவளவைக்கும் ஒருக்காத் தடவி விடுங்கோவன். பிள்ளையள் ஆசைப்படுகுதுகள்.”

“நேரம் போகுது அக்கா. கிண்ணியாவுக்குப் போகோணும்.”

“கிண்ணியா எங்க ஓடப்போகுது? முந்தியெண்டால் தோணிக்கு நிக்கோணும். இப்பதான் பாலம் போட்டுக் கிடக்குதே!”

உள்ளே சிரிப்பு. அந்தச் சிரிப்புக்குப் பிறகு எந்த அலங்காரக்காரியும் மறுக்க முடியாது. காசு கேட்கவும் முடியாது. வரிசையாக ஐந்தாறு பேர் அமர்ந்திருப்பார்கள். திரைச்சீலைக்குள்ளிருந்து கை வந்தது.

“இஞ்சருங்கோ, கண் பிரஷ் கொஞ்சம் தாங்கோ.”

“உள்ளுக்குப் போனதெல்லாம் பாவிச்சது. பொறும், சுத்தமானது தாறன்.”

ஒரு முகத்தில் பட்டதை இன்னொரு முகத்தில் படவிடக்கூடாதே என்று, கிண்ணியாவுக்கு என்று வைத்திருந்த இரண்டாவது தொகுதியைப் பிரித்து அதிலிருந்த கண் பிரஷ்களைக் கொடுத்தேன். பிறகு மறுபடி கை வந்தது, மறுபடி கொடுத்தேன். சரியான வேலை செய்கிறேன் என்ற நினைப்பில் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. எல்லாம் முடிந்து மஞ்சள் பை வெளியே வந்ததும் எண்ணினேன். ஐம்பத்திரண்டும் இருந்தன. எனக்கு நிம்மதி. கிண்ணியாவுக்குப் போகும் வழியில் ஸ்பிரிட் அடித்துத் துடைத்தால் காய்ந்துவிடும் என்று கணக்குப் போட்டேன்.

ஓட்டோ நகரத்தைக் கடந்து சீனன்குடாப் பக்கம் போகும்போது, புவனா தலையைச் சாய்த்துக் கண்ணை மூடியபடி பேசினாள்.

“அந்தப் பொம்பிளையின்ட கடைசித் தங்கச்சி பாவம். தமக்கை போறா எண்டு இரவு முழுக்க அழுதிருக்கும் போல. கண் இரத்தமாச் சிவந்து கிடக்குது. அதுக்குத்தான் மை கொஞ்சம் கூடப் போட்டு மறைச்சு விட்டனான்.”

“ஒரு கண்ணோ, ரெண்டு கண்ணுமோ?”

“இடக் கண்.”

“அழுதால் ரெண்டும் எல்லோ சிவக்கும்?”

அவள் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். “தொடங்கிட்டீங்கள்.”

“எந்தப் பிரஷால போட்டனீர்?”

“எனக்கென்ன தெரியும்? கைக்கு வந்ததை எடுத்தனான். நீங்கள்தானே தந்தனீங்கள்.”

அந்தக் கிழமைகளில் எங்கள் தெருவிலேயே இரண்டு வீடுகளில் கண்ணோய். நானே பஸ்ஸில் ஏறினால் கம்பியைப் பிடிக்கப் பயந்து திரிந்தவன். இப்போது என் மடியில் ஐம்பத்திரண்டு பிரஷ் இருந்தன, எண்ணிக்கை சரியாக இருந்தது. ஆனால் அவற்றில் எது அந்த இடக் கண்ணைத் தொட்டது என்று அந்த எண்ணிக்கை எனக்குச் சொல்லவில்லை. எத்தனை இருக்கிறது என்று எண்ணிக்கை சொல்லும், எங்கே போய்வந்தது என்று சொல்லாது. களஞ்சியத்தில் இருந்த காலம் முழுவதும் எனக்கு இது புரியாமலே போய்விட்டது, அங்கே ஆணிக்கு நோய் வராதபடியால்.

“ஸ்பிரிட் அடிச்சுத் துடையுங்கோ. வழமையா அப்பிடித்தானே?” என்றாள் புவனா.

“பிரஷைத் துடைக்கலாம். மைக் குப்பியை எப்பிடித் துடைக்கிறது? மஸ்காராக் குச்சியை அந்தப் பிள்ளையின்ட இமையில தடவிப் போட்டுத் திருப்பிக் குப்பிக்குள்ள விட்டனீர்தானே?”

“ஓம்.”

“ஐலைனர்ச் சிமிழுக்குள்ள?”

“அதுக்குள்ளயும்தான். எல்லாரும் அப்பிடித்தானே செய்யினம்?”

“அப்ப கண் தட்டைத் திறக்கேலாது.”

கண் தட்டு என்று நாங்கள் சொல்வது பெட்டியின் மேல் அடுக்கை. கண்ணுக்குரிய எல்லாம் அதில்தான். புவனா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“உங்களுக்கு விசரே? கண் போடாமல் ஒரு பொம்பிளையை எப்பிடி வெளிக்கிடுத்துறது? அந்தப் பிள்ளை அழுதுதான் சிவந்தது. நான் பக்கத்தில நிண்டு பார்த்தனான், நீங்கள் வெளியில கதிரையில இருந்தனீங்கள்.”

அது உண்மை. அவள் பார்த்தவள், நான் பார்க்காதவன். அதனால் அவள் சொல்வதை ஏற்றுக்கொள்ளவே எனக்கும் ஆசை. ஆனால் கிண்ணியாப் பெண்ணை நான் பார்த்திருக்கிறேன். முந்தின கிழமை ஒத்திகைக்கு எங்கள் வீட்டுக்கு வந்தபோது, போத்தல் அடிபோன்ற கண்ணாடி போட்டிருந்தாள். ஆசிரியை. கண்ணாடியோடு மேடையில் இருக்க முடியாது என்று மாப்பிள்ளை வீட்டார் சொன்னதால், கலியாணத்துக்கு என்று முதன்முதலாகக் கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் வாங்கியிருந்தாள். லென்ஸ் வைத்த கண்ணில் அழுக்குப் பட்டால் சாதாரண கண்ணோய் போலப் போகாது, கருவிழியில் புண் வந்து பார்வைக்கே மோசம் என்று கண் வைத்தியர் எச்சரித்ததாக, அவளே முன்னறையில் இருந்து சொன்னாள். அப்போது அதைக் காதில் வாங்கியது நான் ஒருவன்தான். புவனா அவளுடைய புருவத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கிண்ணியாப் பாலம் வந்தது. காற்று ஓட்டோவைப் பக்கவாட்டில் தள்ளியது. புவனா குரலைத் தணித்தாள். “சரி, திறக்க வேண்டாம். ஆனால் காரணத்தைச் சொல்லாதேங்கோ. பெட்டி விழுந்து உடைஞ்சு போச்சு எண்டு சொல்லுங்கோ. ஊத்தைப் பிரஷ் கொண்டு வந்தவை எண்டு ஒருக்காக் கதை கிளம்பினால் இந்தப் பாலத்துக்கு அங்கால எங்களுக்கு வேலை இல்லை.”

அதுவும் உண்மை. பாலம் முடியும்வரை அந்தப் பொய்யை மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். பெட்டி விழுந்தது என்றால், விழுந்த பெட்டியில் உடையாதது எது என்று பார்ப்பார்கள். இருப்பதைப் பாவியுங்கள் என்பார்கள். அப்போது நான் எதைச் சொல்லி மறிப்பேன்? பாதிப் பொய் அந்தத் தட்டை மூடிவைக்கப் போதாது.

பெண்ணின் தாய் வாசலிலேயே நின்றார். “வாங்க, வாங்க. புள்ள மூஞ்சி கழுவி, லென்ஸையும் போட்டுட்டு இரிக்கா. பதினொண்டுக்கு மாப்புள ஊட்டுப் பொம்புளயள் பாக்க வருவாங்க. சுருக்கா முடிங்க.”

பெட்டியைக் கீழே வைக்காமலே சொன்னேன். “அம்மா, முகத்துக்குப் போடுற சாமான் சுத்தமா இருக்குது. கண்ணுக்குப் போடுறது இண்டைக்குச் சுத்தமா இல்லை. முன்னம் போன வீட்டில ஒரு பிள்ளைக்குக் கண் சிவந்திருந்ததாம். அதில பட்ட சாமானும் இதுக்குள்ள கலந்து போச்சு. அது கண்ணோயோ இல்லையோ எனக்குத் தெரியாது.”

புவனா நிலத்தைப் பார்த்தாள்.

“என்ன கத இது?” என்றார் தாய். “நாப்பதாயிரம் பேசினது முழு மூஞ்சிக்குத்தானே? கண்ண உட்டுட்டு மத்த மூஞ்சிக்கு எவ்வளவு எண்டு மறுகா வெல பேசுவமா? இதச் சொல்ல ஒங்களுக்கு வெக்கமா இல்லியா?”

“வெக்கமாத்தான் இருக்குது.”

“ஊரெல்லாம் திரிஞ்ச பிரஷ என்ட புள்ளைக்குக் கொண்டாந்தீங்க. அதையும் வாசல்ல நிண்டு சொல்றீங்க!”

திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து பெண்ணின் குரல் வந்தது. “உம்மா, கொஞ்சம் பொறுங்க. ஐயா, அதப் போட்டா என்ன நடக்கும்?”

“ஒண்டும் நடவாமலும் போகலாம் மகள். எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தால் இப்பிடிப் பயப்பிடமாட்டன்.”

“நான் லென்ஸ் போட்டிரிக்கன், தெரியுமா?”

“அதுதான் மகள் பயம்.”

தாய் என்னையும் திரைச்சீலையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அந்தப் பெண் என்னிடமும் பேசவில்லை, தாயிடமும் பேசவில்லை. “நானா, பைக்க எடுங்க. ஐயாவக் கடத்தெருவுக்குக் கூட்டிட்டுப் போங்க,” என்று தன் தமையனிடம் சொன்னாள்.

பான்சிக் கடையில் முத்திரை உடைக்காத மஸ்காரா, மை, பேனை போன்ற ஐலைனர், ஒரு சிறிய வண்ணத் தட்டு, பஞ்சுக் குச்சி எல்லாம் கிடைத்தன. கண் பிரஷ் இல்லை. லென்ஸ் வைத்த கண்ணுக்கு, ஓட்டோவில் ஸ்பிரிட் அடித்துத் துடைத்த பழைய பிரஷைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. இருந்தவை தூசி பிடித்துத் திறந்தபடி தொங்கின. நான் தொடவில்லை. பக்கத்தில் புத்தகக் கடை. படம் வரையும் பிரஷ், பிளாஸ்டிக் உறைக்குள் இருப்பது, மெல்லியது மூன்றும் தட்டையானது மூன்றும் கேட்டேன்.

“எத்தினையாம் வகுப்புப் புள்ளைக்கு?” என்று கடைக்காரர் கேட்டார்.

“கலியாண வகுப்புக்கு,” என்றான் தமையன். அவ்வளவு பதற்றத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது. அதற்காகப் பிறகு என்னையே கடிந்துகொண்டேன், நேரம் போய்க்கொண்டிருந்தது.

புதுப் பிரஷின் நுனி பசை போட்டு விறைத்திருக்கும். கழுவாமல் இமையில் வைத்தால் கீறும். பெண் வீட்டுக்குத் திரும்பி, குழந்தை ஷம்பூவில் வெந்நீர் விட்டுக் கழுவி, புதுக் கைக்குட்டையில் ஒற்றி எடுத்தேன். அதற்குப் பிறகுதான் காயவைக்கும் வேலை. வீட்டில் என்றால் இரவு முழுவதும் தலைகீழாகத் தொங்கவிடுவேன். இங்கே ஒரு கூரை விசிறியும் என் இரண்டு கைகளும்தான். விரல்களுக்கிடையில் ஆறு பிரஷையும் நுனி கீழே பார்க்கப் பிடித்துக்கொண்டு விசிறியின் கீழே நின்றேன். நுனியை மேலே பிடித்தால் தண்ணீர் காம்புக்குள் இறங்கி, பிறகு இமையில் வைக்கும்போது சொட்டும். முன்கூடத்தில் வந்திருந்தவர்கள் என்னைப் பார்த்தார்கள். ஒரு கிழவன் கதிரையில் இராமல் இரண்டு கையையும் தொங்கவிட்டபடி அசையாமல் நிற்பது அவர்களுக்கு எப்படித் தெரிந்திருக்குமோ.

திரைச்சீலைக்குள்ளிருந்து கை வந்தது. முகம் முடிந்துவிட்டது. “தாங்கோ.”

“இன்னும் ஈரம்.”

“வாசலில வான் சத்தம் கேக்குது. தாங்கோ எண்டால்!”

“ஈரத்தில மை பரவும். ரெண்டு நிமிசம்.”

“அங்க ரெண்டு நிமிசம் இல்லை.”

வானிலிருந்து மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் இறங்கினார்கள். பதினொரு மணிக்கு என்றவர்கள் அரை மணி முந்தி வந்துவிட்டார்கள். பெண்ணின் தாய் சர்பத்துத் தட்டோடு என்னைச் சுற்றிக்கொண்டு வாசலுக்குப் போனார். நான் ஒவ்வொரு நுனியையும் என் புறங்கையில் வைத்துப் பார்த்தேன். நாலு காய்ந்துவிட்டன. இரண்டு இல்லை. நாலைக் கொடுத்தேன். கை மறுபடி நீண்டது. கொடுக்கவில்லை.

நாலு பிரஷோடும் பஞ்சுக் குச்சியோடும் புவனா என்ன செய்தாள் என்று நான் பார்க்கவில்லை. கேட்டது மட்டும்தான் தெரியும். உள்ளே போன பெண்களில் மூத்த குரல் ஒன்று சொன்னது: “மூஞ்சி நல்லாரிக்கி. கண் என்ன, பள்ளிக்கொடம் போற மாதிரி இரிக்கி?”

“நான் ரீச்சர்தானே மாமி,” என்றாள் மணப்பெண்.

எல்லோரும் சிரித்தார்கள். தாய் சிரித்ததாக எனக்குக் கேட்கவில்லை. நாங்கள் வெளிக்கிடும்போது அவர் படியில் நின்று சொன்னார்: “பாதி வேலைக்குப் பாதிக் காசு முன்னுக்கே தந்தாச்சி. கணக்கு முடிஞ்சி.” நான் தலையாட்டினேன். புவனா மஞ்சள் பையை எடுத்துக்கொண்டு ஓட்டோவில் ஏறினாள்.

அன்று பின்னேரமே கண் தட்டை வெறுமையாக்கினேன். கொழும்பிலிருந்து ஆள் சொல்லி எடுப்பித்த வண்ணத் தட்டும் அதில் இருந்தது. புவனா அதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “இதிலயும் பட்டிருக்குமோ?” என்று கேட்டாள். “தெரியாது,” என்றேன். அவளே குப்பைப் பையில் போட்டாள். பிரஷ்களைக் கழுவி ஸ்பிரிட்டில் தோய்த்து வைத்துக்கொண்டேன், அவற்றுக்கு ஒரு வழி உண்டு. குப்பிக்கு வழி இல்லை.

இப்போது எங்கள் வீட்டு அலுமாரியில் நீங்கள் பார்க்கும் ஒழுங்கெல்லாம் அதற்குப் பிறகு வந்தது. பெரியம்மாவும் மச்சாளும் வரிசையில் அமர்வார்கள், அதை நிறுத்த நம்மால் ஏலாது. ஆகவே அவர்களுக்கென்று ஒரு தனிப் பை, சிவப்பு நிறத்தில், மலிவான சாமானோடு. இரண்டாவது வீட்டின் பெட்டி ஓட்டோவிலேயே பூட்டியிருக்கும், சாவி பெட்டி தூக்குபவரின் பொக்கற்றில் இருக்கும், எவ்வளவு நல்ல காரணம் வந்தாலும் முதல் வீட்டு வாசலில் திறக்காது. அன்றைக்கு நான் திறந்ததும் நல்ல காரணத்தோடுதான். குப்பிக்குள் பிரஷை விடுவது நின்றது. மையைச் சின்னக் கரண்டியால் கிள்ளி ஒரு துடைத்த தட்டில் வைத்து, அதிலிருந்து எடுப்பது. மஸ்காராவுக்கு ஆளுக்கொரு குச்சி. துறைமுகத்து உப்புக் காற்றில் எதுவும் சீக்கிரம் காயாது. அதனால் கழுவிய அன்றே பெட்டிக்குள் வைக்கிற அவசரம் உங்களுக்கு வேண்டாம். ஈரத்தோடு மூடிய பெட்டி மூன்றாம் நாள் நாறும்.

இனி நீங்கள் கேட்கப்போவதைச் சொல்கிறேன். மூன்றாம் நாள் வரை பொறுத்தேன், அதற்குமேல் ஏலாமல் சல்லிக்குப் போன் எடுத்தேன். பெரியம்மாதான் எடுத்தார். கடைசிப் பிள்ளைக்குக் கண் எப்படி என்று கேட்டேன்.

“அவளுக்கோ? அது அண்டைக்கு விடிய அடுப்பு ஊதேக்க சாம்பல் பறந்து கண்ணுக்குள்ள விழுந்தது ஐயா. பின்னேரமே தெளிஞ்சிட்டுது. ஏன் கேக்கிறீங்கள்?”

“சும்மாதான் அக்கா.”

புவனா பக்கத்தில் நின்று கேட்டுவிட்டாள். முதலில் சிரித்தாள். கதிரையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “சாம்பலாம்!” என்றாள். பிறகு வெறுமையான தட்டைப் பார்த்தாள், சிரிப்பு நின்றது. அந்த மாதம் கிண்ணியாவில் பேசிவைத்திருந்த இரண்டு வீடுகள் எங்களை வேண்டாம் என்று சொல்லிவிட்டன. ஒரு வீட்டில் காரணமும் சொன்னார்கள்.

நான் பிழை விட்டேனா என்று பல நாள் யோசித்தேன். யோசிக்க எனக்கு நேரம் நிறைய இருந்தது. பாலத்தில் போகும்போது எனக்குத் தெரிந்தவை: ஒரு கண் மட்டும் சிவப்பு, அந்தக் குச்சி குப்பிக்குள் போனது, கிண்ணியாப் பெண்ணின் கண்ணுக்குள் லென்ஸ். சாம்பல் எனக்குத் தெரியாது. தெரியாததை வைத்து முடிவெடுக்க முடியாது, பிறகு தெரிய வந்ததை வைத்து அந்த முடிவைத் திட்டவும் கூடாது. உங்களுக்கும் ஒரு நாள் இப்படி வரும். நீங்கள் தட்டைத் திறக்கமாட்டேன் என்று நிற்பீர்கள், ஆட்கள் ஏசுவார்கள், பிறகு அது வெறும் சாம்பல் என்று தெரியவரும். யாரும் உங்களுக்கு நன்றி சொல்லமாட்டார்கள், ஏனென்றால் ஒன்றும் நடக்கவில்லை. நாம் விரும்பியதும் ஒன்றும் நடக்காமல் இருப்பதைத்தானே?

எறிந்த சாமான் முப்பத்தோராயிரத்து எண்ணூறு. கிண்ணியாக் கடைத்தெருவில் வாங்கியது ஆறாயிரத்து முந்நூற்றைம்பது. வராமல் போன மீதி இருபதாயிரம். வேண்டாம் என்ற இரண்டு வீட்டையும் நான் சேர்க்கவில்லை, செய்யாத வேலைக்குக் காசு எண்ணக்கூடாது. அடுப்பிலிருந்து பறந்த ஒரு துளிச் சாம்பலுக்கு நான் கொடுத்தது ஐம்பத்தெட்டாயிரத்து நூற்றைம்பது ரூபாய்.